ஒரு சரிவு, மூன்று கேள்விகள்: நீலகிரியில் கள ஆய்வு செய்ய முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். செடி வரிசைகளுக்கு நடுவே குறுக்காக ஓடும் வடிகால் முக்கால்வாசி தூர்ந்து கிடக்கிறது. அதற்கு மேலே மண்ணில் விரல் நுழையும் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. கீழே ஏழெட்டு வீடுகள். சிவில் பொறியியல் படிப்பவர் பார்த்தால், இந்த மண் எவ்வளவு நீரைத் தாங்கும் என்று கேட்பார். ஊரக வளர்ச்சி படிப்பவர், இந்த வடிகாலை ஏன் யாரும் தூர்வாரவில்லை என்பார். அனைத்துலக அரசியல் படிப்பவருக்கு வேறு கேள்வி: கீழே குடியிருப்பவர்கள் எந்த ஒப்பந்தத்தால் இங்கே வந்து சேர்ந்தார்கள், அவர்கள் பறிக்கும் கொழுந்தின் விலையை எந்த நாட்டுச் சந்தை முடிவு செய்கிறது?

மூவரும் நிற்பது ஒரே சரிவில். ஆனால் கருவியும் சான்றும் தவறு நேரும் இடமும் ஆளுக்கு ஆள் மாறும். மூன்றையும் ஒரே ஆய்வேட்டில் அடைக்கப் பார்ப்பவர் எதையும் நிறுவ மாட்டார். மற்ற இரண்டையும் எட்டிப் பார்க்காமல் ஒன்றை மட்டும் எழுதுபவர், காரணத்தைத் தவறான இடத்தில் தேடுவார். ஆகவே ஒன்றைக் கையில் எடுங்கள், மற்ற இரண்டின் கணக்கையும் தெரிந்துகொண்டு எடுங்கள். முதுகலை மாணவருக்கும் முனைவர் பட்டத்தைத் தொடங்குபவருக்கும் அதை எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"நீலகிரியில் நிலச்சரிவு – ஓர் ஆய்வு" என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. கேள்விக்குள் இடம், காலம், அளக்கக்கூடிய ஒரு பொருள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். "இந்த ஊராட்சியில் உள்ள 6 சரிவுகளில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வடிகால் தூர்வாரிய சரிவுக்கும் தூர்ந்த சரிவுக்கும் மண் ஈரத்தில் என்ன வேறுபாடு?" என்று கேட்டால் ஒருவர் ஓராண்டில் முடித்துவிடலாம். "சிறு தேயிலை விவசாயிகளின் வாழ்வாதாரம்" என்று கிளம்பினால் பத்தாண்டு போதாது.

சோதனை எளிது. என்ன விடை வந்தால் உங்கள் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? அதை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

2. எல்லைகளையும் பருவத்தையும் படியுங்கள்

நீலகிரியில் வட்டங்கள் 6: உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். ஊராட்சி ஒன்றியங்களோ 4 மட்டுமே: உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர். வருவாய்த் துறையின் தரவு வட்ட வாரியாக வரும், ஊரக வளர்ச்சித் துறையின் தரவு ஒன்றிய வாரியாக வரும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் குந்தாவும் பந்தலூரும் இரண்டு தடவை எண்ணப்படும், இல்லையென்றால் காணாமல் போகும். முதல் வாரத்திலேயே கிராமப் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எந்த வட்டம், எந்த ஒன்றியம், எந்த ஊராட்சி என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாள் பின்னால் பல வாரங்களை மிச்சம் பிடிக்கும்.

கூடலூர்ப் பகுதி 1877 வரை மலபாரின் வயநாட்டைச் சேர்ந்தது. அங்கே நில உரிமையின் வரலாறே வேறு. ஜன்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளரின் உரிமையை நீக்கிய 1969இன் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், அதன் 17ஆம் பிரிவு நிலம் (தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்த நிலம்) ஆகியவற்றைப் படிக்காமல் அங்கே போய் "பட்டா இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். பல குடும்பங்களுக்கு அது வெறும் ஆய்வுக் கேள்வியாகப் படாது. வீட்டை விட்டு எழுப்ப வந்தவர் கேட்பதாகவே காதில் விழும்.

அடுத்தது மழை. மேற்குப் பக்கமான கூடலூர், தேவாலா, அவலாஞ்சி ஆகியவை ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் நனையும். கிழக்குப் பக்கமான குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமே பெருமழை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 911 மி.மீ. பதிவானது. ஒரே மாவட்டம்தான், ஆனால் இரண்டும் இரண்டு பருவம், இரண்டு பக்கம். கல்லூரி விடுமுறைக்கு ஏற்ப மே, ஜூனில் கோத்தகிரிக்கு வந்து ஈரம் அளப்பவர் எழுதுவது தவறான பருவத்தின் கதை.

காய்கறி விவசாயத்தை எடுத்தால் நாட்காட்டி மாதத்தை விடுங்கள். நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று சாகுபடிப் பருவத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேரட் போடுபவர் அந்தக் கணக்கில்தான் நினைவு வைத்திருப்பார்.

3. அனுமதிகள்

களத்துக்கு இறங்கும் நாளுக்கு மூன்று நான்கு மாதங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். இதைக் கடைசியில் வைத்துக்கொண்டு ஒரு பருவத்தையே இழப்பது அடிக்கடி நடக்கிறது.

முதுமலைக்குள் அல்லது வேறு சரணாலயப் பகுதிக்குள் போவதானால், 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் ஆய்வு அனுமதி வேண்டும். வனச்சரகரின் வாய்மொழிச் சம்மதம் போதாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஊர்களில் ஆய்வு என்றால் மாவட்ட நிர்வாகத்திடமும் பழங்குடியினர் நலத்துறையிடமும் எழுத்து வாங்குங்கள். எம். பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கு முதலில் போவது நல்லது. மூலிகை, தேன், விதை போன்றவற்றின் மாதிரியோ அவை பற்றிய பாரம்பரிய அறிவோ ஆய்வில் வருமானால் 2002இன் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதர்களிடம் கேள்வி கேட்கும் எந்த ஆய்வுக்கும் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் வெலிங்டனில் படை நிலையமும் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருப்பதை மறக்காதீர்கள். வான்வெளி வரைபடத்தைப் பார்த்து, எழுத்தில் அனுமதி இல்லாமல் பெட்டியையே திறக்க வேண்டாம். வண்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்துள்ளது. நீலகிரியின் டிஎன் 43 பதிவு வண்டிகளுக்கு அது தேவையில்லை என்பதால் உள்ளூர் ஜீப்பை அமர்த்துவது பல வகையில் வசதி. ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் இங்கே தடை உண்டு. மண் மாதிரிக்கு மூடி இறுகும் அலுமினிய டப்பாக்களை வாங்கிவிடுங்கள், ஈரமும் போகாது.

4. பொறியியல்: நீரையும் மண்ணையும் அளத்தல்

*மழை.* 200 சதுர செ.மீ. வாய் கொண்ட சாதாரண மழைமானி போதும். 1 மி.மீ. மழைக்கு 20 மி.லி. நீர் சேரும். விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், மட்டமாக இருக்க வேண்டும். பக்கத்து மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளவெடுங்கள், வானிலைத் துறையின் நாளும் அப்போதுதான் தொடங்குகிறது. இங்கே நடக்கும் பெரிய தவறு குப்பியின் கொள்ளளவு. 4 லிட்டர் குப்பி 200 மி.மீ.யில் நிரம்பி வழியும். கேத்தியில் பெய்த 820 மி.மீ.க்கு 16.4 லிட்டர் வேண்டும். ஆய்வுக்கு மிக வேண்டிய நாளில்தான் கருவி ஏமாற்றும். பெருமழை எச்சரிக்கை வந்தால் மூன்று மணிக்கு ஒருமுறை எடுத்து ஊற்றுங்கள். தானியங்கி மானி வைத்திருந்தாலும் பக்கத்தில் ஒரு சாதாரண மானி இருக்கட்டும். தானியங்கி மானிக்குள் நீர் நிரம்பிக் கவிழும் சிறு வாளி, கொட்டும் மழையில் குறைத்தே எண்ணும்.

வட்டத் தலைநகரில் பதிவான மழையை உங்கள் சரிவின் மழையாக எழுதக் கூடாது. இந்த மலையில் ஒரு முகடு தாண்டினால் மழை வேறு.

*ஊற்று.* விநாடிக்கு 1 லிட்டருக்குக் குறைவாக ஓடினால் வாளியும் கடிகாரமும்தான் சிறந்த கருவி. வாளி நிரம்ப 10 விநாடிக்குக் குறைந்தால் பெரிய பாத்திரம் எடுங்கள். மூன்று தடவை அளந்து சராசரி போடுங்கள், மூன்றில் ஒன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகினால் திரும்பவும் அளங்கள்.

அதற்கு மேல் ஓடும் ஓடைக்கு 90 பாகை முக்கோண வெட்டுத் தகடு வையுங்கள். 3 மி.மீ. தகட்டில் வெட்டி, நீர் விழும் பக்கம் விளிம்பைச் சாய்வாக அராவி, ஓடையின் குறுக்கே நிறுத்தி, இரண்டு ஓரமும் களிமண்ணும் கோணிப்பையும் வைத்து அடையுங்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர் மட்டம் எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். அதைத் தகட்டிலேயே அளக்காதீர்கள், அங்கே நீர் வளைந்து தாழ்ந்திருக்கும். அந்த உயரத்தைப்போல் நான்கு மடங்காவது மேலே தள்ளி அளங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து 2.5 அடுக்குக்கு உயர்த்தி 1.38ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும். உயரம் 5 செ.மீ. என்றால் விநாடிக்கு 0.77 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.36 லிட்டர்.

இதிலே கண் வைக்க வேண்டியது துல்லியம். 5 செ.மீ.க்குப் பதில் 4.8 என்று படித்துவிட்டால் 0.77 என்பது 0.70 ஆகிவிடும். 2 மி.மீ. பிசகுக்குப் பத்து விழுக்காடு பிழை. வெட்டில் ஒரு சீகை இலை சிக்கினாலே அந்தப் பிசகு வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கையால் துடைத்து, நீர் அடங்கும்வரை ஐந்து நிமிடம் காத்திருந்து படியுங்கள். நீர் தகட்டை ஒட்டி வழிந்தால் அந்த அளவு செல்லாது. பின்னால் காற்று புக இடம் விட்டு அது தனியாக விழ வேண்டும்.

விநாடிக்கு 0.77 லிட்டர் என்பது நாளுக்குச் சுமார் 66,600 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தின் ஆளுக்கு 55 லிட்டர் கணக்கில் 1,200 பேருக்குப் போதும். ஆனால் டிசம்பரில் அளந்துவிட்டு இப்படி எழுதினால் ஊரையே தவறாக வழிநடத்துவீர்கள். மார்ச், ஏப்ரலில் அதே ஊற்றை அளந்த பிறகுதான் அந்தப் பெருக்கலைச் செய்ய வேண்டும்.

*வெடிப்பு.* எல்லா வெடிப்பும் சரிவு நகர்வதைக் காட்டுவதில்லை. வெயிலில் காய்ந்து வந்த வெடிப்பு வலைபோல் கிளை பிரியும், மழை பெய்தால் மூடிக்கொள்ளும். மண் நகர்ந்து வந்த வெடிப்பு சரிவின் குறுக்கே வில்போல் வளைந்து ஓடும், கீழ்ப்பக்கம் சற்றே இறங்கியிருக்கும், மழையில் இன்னும் விரியும். இரண்டாவது வகையைக் கண்டால் 12 மி.மீ. முறுக்குக் கம்பியில் 60 செ.மீ. நீளத் துண்டுகள் ஆறு வெட்டி, இரண்டு முனையிலும் நடுவிலுமாக மூன்று இணை, வெடிப்பின் இருபுறமும் 45 செ.மீ. ஆழம் அடித்து இறக்குங்கள். கம்பித் தலையில் ஆணியால் ஒரு புள்ளி குத்தி, புள்ளிக்குப் புள்ளி எஃகு டேப்பால் அளங்கள். சாதாரண நாளில் வாரம் ஒருமுறை, பருவமழையில் தினமும். மழை கொட்டும்போது சரிவுக்குள் போகக் கூடாது. ஒரு நாள் அளவு போனால் போகட்டும்.

*மண்.* கை ஆகரால் (மண்ணைத் துளைத்து எடுக்கும் கைத்திருகு) 1, 1.5, 2 மீட்டர் ஆழங்களில் மாதிரி எடுங்கள். மேலே செம்மண்ணும், கீழே கையில் பிசைந்தால் சோப்புபோல் வழுக்கும் வெளிறிய களிமண்ணும் வருமானால் அந்த எல்லையைக் கவனமாகக் குறியுங்கள். நீர் அங்கேதான் தேங்கும், மண் அங்கேதான் வழுக்கும். கலையாத மாதிரிக் குழாயின் இரண்டு முனையையும் மெழுகால் அடைத்து, மரத்தூளில் புதைத்து இறக்குங்கள். மலைப்பாதைக் குலுங்கலில் கோவை ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் மாதிரி கலைந்தால் வலிமைச் சோதனைக்குப் பொருளில்லை. ஈரம் அறிய 105 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்துங்கள்.

நீர் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. 30 பாகைச் சரிவு, 2 மீட்டர் மண், கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடை, பிணைப்பு 5 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 30 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்துளைகளில் நீரழுத்தம் இல்லாதபோது பாதுகாப்புக் காரணி, அதாவது மண்ணைத் தாங்கும் விசைக்கும் கீழே இழுக்கும் விசைக்கும் உள்ள விகிதம், 1.32 வரும். எடையை மாற்றாமல், அதே மண் மேல்வரை நிறைந்து நீர் சரிவோடு ஓடுவதாகக் கணக்கிட்டால் 0.78. ஒன்றுக்குக் கீழே போனால் நிற்காது. மண்ணும் சரிவும் மாறவில்லை, மாறியது நீர் ஒன்றுதான். தூர்ந்த வடிகாலை ஆய்வேட்டின் மையத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

சரிவு என்றாலே இடையூறு என்று எண்ண வேண்டாம். உதகை அருகே முத்தோரையில் 1970இல் அமைந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அதை வடக்கு-தெற்காகச் சுமார் 11 பாகை சாய்ந்த ஒரு சரிவில் கட்டினார்கள். உதகையின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுவே. ஆகவே அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது, ஒரே அச்சில் சுழற்றி வானத்தைப் பின்தொடர முடிகிறது. நிலத்தை முதலில் படித்தவர்கள் செய்த வேலை அது.

5. ஊரக வளர்ச்சி: வீட்டுக் கணக்கு எடுத்தல்

ஊர்ப் பட்டியலில் 120 வீடு என்றால், புள்ளியியல் சூத்திரம் 92 வீடு போதும் என்று சொல்லும். 120ஐயும் கேட்டுவிடுங்கள். மீதி 28ஐ விட்டதால் மிச்சமாகும் இரண்டு மூன்று நாளைவிட, "எங்க வீட்டுக்கு ஏன் வரல?" என்ற வருத்தம் பெரிது.

நுழையும் முறை ஊருக்கு ஊர் மாறும். ஹட்டி எனப்படும் படுகர் ஊரில் முதலில் ஊர்ப் பெரியவரைப் பார்த்துச் சொல்லுங்கள். மந்து எனப்படும் தோடர் ஊரில் பால்கோயில் பக்கம் அனுமதியில்லாமல் நெருங்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மேலாளரோடு போய் நின்றால் மேலாளருக்குப் பிடித்த பதில்தான் வரும். மாலை 5க்கு மேல் தனியாகப் போங்கள். கூடலூர்ப் பக்கமானால் யானை வரும் நேரத்தையும் கேட்டுவிட்டு. பணியர், குறும்பர் ஊர்களில் தமிழில் கேட்டால் மரியாதைக்கு "ஆமாம்" என்பார்கள். அந்த மொழி பேசும் ஒருவரை ஊதியம் கொடுத்து உடன் வையுங்கள்.

தேயிலை வருமானத்தைக் கேட்கும் விதம்தான் ஆய்வை ஆக்கும் அல்லது அழிக்கும். "வருஷத்துக்கு எவ்வளவு வருமானம்?" என்பதற்கு யாரிடமும் சரியான விடை கிடையாது. கொழுந்து பறிக்கும் சுற்றுக் கணக்கில் கேளுங்கள்: "அக்கா, போன சுற்றுக்கு எத்தனை கிலோ கொழுந்து கொடுத்தீங்க? தொழிற்சாலைக்கா, ஏஜென்ட்டுக்கா? எடையில கழிவு எவ்வளவு பிடிச்சாங்க? பறிக்க ஆள் வெச்சீங்களா, கிலோவுக்கு என்ன கூலி? உரம் ரொக்கமா, கடனா?" ரசீது இருந்தால் பார்க்கக் கேளுங்கள். படம் எடுக்க வேண்டாம், எண்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மழைநாளில் ஈரத்துக்காகக் கழிக்கும் எடை ரசீதில் தனியாகத் தெரியாமல் போகலாம். வீட்டில் நிறுத்த எடைக்கும் ரசீது எடைக்கும் உள்ள வேறுபாட்டை நாலைந்து வீட்டிலாவது நீங்களே தராசு வைத்துப் பாருங்கள். ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்கியவர் வேறு இடத்தில் கூடுதல் விலை இருந்தாலும் அங்கே போட முடியாது. அந்த ஒரு பதில் விலைப் பட்டியலையே வேறு விதமாகப் படிக்க வைக்கும்.

மூன்று இடங்களில் கணக்கு சறுக்கும். முதலாவது கவாத்து, அதாவது செடியை வெட்டிக் குறைப்பது. கவாத்து செய்த தோட்டத்தில் சில மாதங்களுக்குக் கொழுந்து வராது. அந்த ஆண்டை மட்டும் எடுத்தால் ஏழையாகத் தெரிவார், அடுத்த ஆண்டை எடுத்தால் வசதியாகத் தெரிவார். எந்த ஆண்டு கவாத்து என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இரண்டாவது சொந்த உழைப்பு. மனைவியும் மாமியாரும் பறித்தால் செலவு பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளூர்க் கூலியில் மதிப்பிட்டு, சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விதமாகக் காட்டுங்கள். மூன்றாவது நில அளவு: ஏக்கர், சென்ட், ஹெக்டேர் மூன்றும் ஒரே தாளில் கலந்து வரும். தேயிலை வாரியக் கணக்கில் 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை சிறு விவசாயிதான். அரை ஏக்கர்க்காரரும் 20 ஏக்கர்க்காரரும் ஒரே பெயருக்குள் வருவதால், சராசரி போடுமுன் பிரித்துவிடுங்கள்.

விலைக்கு ஒரு சரிபார்ப்பு உண்டு. நூறு கிலோ கொழுந்தில் ஏறக்குறைய 25 கிலோ தூள் கிடைப்பதாகவும், விற்பனைத் தொகையில் 65 விழுக்காடு விவசாயிக்கு என்றும் வைத்துக்கொண்டால், ஏலத்தில் கிலோ 100 ரூபாய்க்குப் போன தூளுக்குக் கொழுந்து விலை 16 ரூபாய் 25 காசு. அந்த மாதத்தின் குன்னூர் ஏல விலையைப் போட்டு, வீட்டில் சொன்ன விலையோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு பெரிதானால் பிழை உங்கள் தாளில் இருக்கலாம், நடுவில் யாராவது எடுத்திருக்கவும் கூடும். முதலில் தாளைச் சந்தேகியுங்கள்.

வடிகாலை மறந்துவிடாதீர்கள். கடைசியாக எப்போது தூர்வாரியது, எத்தனை மீட்டர், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கேளுங்கள். இந்த நான்கு கேள்வியை எந்தப் படிவத்திலும் பார்ப்பது அரிது.

6. அரசியல்: ஒப்பந்தமும் சந்தையும்

இந்த மலையில் வெளிநாட்டு உறவு என்பது தொலைதூர விஷயம் இல்லை. குந்தா நீர்மின் திட்டம், ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவின் உதவியோடு கட்டப்பட்டது. பாண்டியாறு-புன்னம்புழா நீர் கேரளத்துக்கு ஓடுகிறது, பவானி நீர் காவிரிக் கணக்கில் சேருகிறது. எல்லாவற்றையும்விட மக்கள்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் நாடற்றவராக எண்ணப்பட்ட 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். வந்தவர்களுக்கு வேலை தர 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டமே 1976இல் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனம் ஆனது.

இங்கே முதல் பாடம் சொல். இவர்கள் தாயகம் திரும்பியோர், இந்தியக் குடிமக்கள். 1983க்குப் பின் போரினால் வந்த ஈழ அகதிகள் சட்டப்படி வேறு நிலையில் உள்ளவர்கள். படிவத்தில் "அகதி" என்று அச்சடித்துக்கொண்டு டான்டீ லைனுக்குப் போனால் அன்றே கதவு மூடும், மூடுவதும் நியாயம். வாய்மொழி வரலாறு எடுக்கும்போது ஆண்டைக் கேட்காதீர்கள், வரிசையைக் கேளுங்கள்: எந்தத் தோட்டம், தலைமன்னாரில் எத்தனை நாள், மண்டபம் முகாமில் யார் கூட இருந்தார்கள், முதல் வேலை எங்கே. குடும்ப அட்டையோ பழைய பாஸ்போர்ட்டோ வைத்திருப்பார்கள், தேதியை அதிலிருந்து எடுக்கலாம். பெயரை மாற்றி எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் மாற்ற வேண்டியிருக்கலாம், சின்ன லைனில் ஒரு குறிப்பே ஆளைக் காட்டிவிடும்.

ஆவணத்துக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், நாடாளுமன்ற விவாதங்கள், வெளியுறவு அமைச்சகம் வெளியிட்ட ஒப்பந்த வாசகம். கிடைக்காததற்குத் தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "டான்டீ பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் எதுவும் வராது. எந்தக் கோட்டம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பதிவேடு என்று கேளுங்கள்.

சந்தைக் கணக்கில் மாணவர் தொடர்ந்து விழும் குழி ஒன்று உண்டு. தென்னிந்தியத் தேயிலையைச் சோவியத் ஒன்றியம் பெருமளவில் வாங்கியது, 1991இல் அது கலைந்தது, நீலகிரியில் விலை சரிந்தது என்று மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். மாத வாரியாக வரைந்து பாருங்கள். தொண்ணூறுகளின் நடுவில் கொழுந்துக்கு நல்ல விலை இருந்தது. பெருஞ்சரிவு வந்தது அந்தப் பத்தாண்டின் கடைசியில். நடுவில் உள்ள ஆண்டுகளை விளக்காத காரணம் காரணம் ஆகாது. இன்னொரு விளக்கம் இலங்கையுடனான தடையற்ற வணிக ஒப்பந்தம். அது நடைமுறைக்கு வந்தது 2000 மார்ச்சில், சரிவு தொடங்கிய பிறகு. அதில் தேயிலைக்கு வைத்த வரம்பு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ, அன்றைய இந்திய உற்பத்தி 80 கோடி கிலோவுக்கு மேல், இரண்டு விழுக்காடும் இல்லை. பாதிப்பே இல்லை என்று இதனால் முடிவு கட்டவும் வேண்டாம். எந்த வகைத் தூள், எந்த ஏலம், எந்த மாதம் என்று பிரித்த பிறகே பேச முடியும். ஏற்றுமதித் தரவில் தேயிலைக்கான 0902 என்ற சுங்கக் குறியீட்டுக்குள் பெரிய மூட்டையில் போகும் கறுப்புத் தேயிலை 090240. அதையும் சிறு பொட்டலத்தையும் கலக்காதீர்கள். விலையை எல்லா ஆண்டுக்கும் விவசாயத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டால் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தாத வரைபடம் ஏறுமுகமாகத் தெரியும்போதே வீட்டில் அரிசி வாங்கும் சக்தி இறங்கியிருக்கும்.

7. காரணச் சங்கிலியின் கண்ணிகளைச் சோதித்தல்

இப்போது தொடக்கத்தில் பார்த்த சரிவுக்கு வாருங்கள். உலகச் சந்தை இறங்கியது, கொழுந்து விலை குறைந்தது, வடிகாலுக்கு ஆள் வைக்கவில்லை, நீர் தேங்கியது, மண் நகர்ந்தது. கேட்கும்போது சரியாகவே படுகிறது, ஆபத்தும் அங்கேதான். நாலு அம்புக்குறியில் உங்கள் தரவு நிறுவுவது எது? பொறியியல் மாணவர் கடைசி இரண்டைக் காட்டலாம். ஊரக வளர்ச்சி மாணவர் இரண்டாவதைக் காட்டலாம், அதுவும் நல்ல விலை இருந்த ஆண்டில் தூர்வாரினார்களா என்று கேட்டிருந்தால்தான். விலை ஏறியபோதும் தூர்வாரவில்லை என்றால் காரணம் வேறு: ஆள் கிடைக்காதது, பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போனது, மேலே புதிதாக வெட்டிய சாலையின் நீர் முழுக்க இந்தத் தோட்டத்தில் விழுவது. சாலையை முதலில் பாருங்கள். பல சரிவுகளில் நீரைக் கொண்டுவருவது அதுதான்.

நிறுவியதைத் தடித்த கோட்டிலும், மற்றவர் நிறுவியதை மெல்லிய கோட்டிலும், ஊகத்தைப் புள்ளிக் கோட்டிலும் வரைந்து ஆய்வேட்டின் முதல் இயலிலேயே வையுங்கள். தேர்வாளர் கேட்கப்போவதும் அதைத்தான்.

8. திருப்பிக் கொடுத்தல்

ஊற்றின் மாத அளவை ஒரே தாளில் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். வீட்டுக் கணக்கின் மொத்த எண்களை, தனி வீடு தெரியாமல், கிராம சபையில் வாசியுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்துவார்கள், அது அச்சேறும் முன் கிடைக்கும் மிக நல்ல சரிபார்ப்பு.

வெடிப்பில் அடித்த கம்பிகளைப் பிடுங்காதீர்கள். புள்ளிக்குப் புள்ளி கடைசி அளவையும் தேதியையும் எழுதி, ஒரு டேப்போடு கீழ் வீட்டுக்காரரிடம் கொடுத்து, உங்கள் முன்னாலேயே இரண்டு தடவை அவரை அளக்கச் சொல்லுங்கள். அளவு கூடிக்கொண்டே போனால் வீட்டை விட்டு வெளியேறி, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077இல் சொல்ல வேண்டும் என்பதை அதே தாளின் மேலே எழுதிவிடுங்கள்.